வரப்பு மூலிகை: இனம் கண்டு பறிக்கவும், பக்குவமாக உலர்த்தி வைக்கவும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும் சமயத்தில் தமிழ்நாட்டுச் சமவெளி முழுக்க மருந்துதான். வயல் வரப்பில் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, அம்மான் பச்சரிசி, பொடுதலை. வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை, நீர்ப்பிரமி. வேலியில் தூதுவளை, முடக்கத்தான், வேலிப்பருத்தி, சீந்தில். மேட்டு நிலத்தில் ஆவாரை, தும்பை, நாயுருவி, நெருஞ்சி. கொல்லிமலை, சிறுமலை, சவ்வாது மலை, பொதிகை என மலை மூலிகைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆனால் வீட்டு வைத்தியத்தில் அன்றாடம் புழங்குபவற்றில் பெரும்பங்கு கீழேதான் கிடைக்கிறது.

மருந்து பலிக்காமல் போவது பெரும்பாலும் செய்முறையால் அல்ல. செடி மாறிப்போயிருக்கும், கெட்ட இடத்தில் பறித்திருப்பார்கள், அல்லது அரைகுறையாக உலர்த்தி டப்பாவில் அடைத்திருப்பார்கள். எத்தனை கிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எங்கே, எப்போது பறிப்பது

சாலையோரம், சாக்கடைக் கரை, தொழிற்சாலைக் கழிவு கலக்கும் வாய்க்கால், குப்பை எரிக்கும் மேடு ஆகிய இடங்களில் எது கொழுகொழுவென்று வளர்ந்து நின்றாலும் தொட வேண்டாம். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் இழுத்து இலையில் சேர்த்துக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது.

களைக்கொல்லி இன்னொரு வம்பு. தெளித்த வரப்பில் செடி சில நாட்களுக்குப் பச்சையாகவே நிற்கும், வாட்டமே தெரியாது. அதனால் வயலுக்கு உரியவரிடம் என்ன அடித்தார், எப்போது அடித்தார் என்று கேட்காமல் வரப்பில் கை வைக்கக் கூடாது. காப்புக் காடுகளில் அனுமதியின்றிச் செடி எடுப்பது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மலைச் சரக்கு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், அதாவது காலை 8 முதல் 10 மணிக்குள் பறிப்பது நல்லது. பனியோடு பறித்த தழை மூட்டைக்குள்ளேயே வெந்து கறுத்துவிடும். இலை மட்டும் தேவையென்றால் செடி பூக்கும் முன் பறிக்க வேண்டும். சமூலம், அதாவது வேரோடு முழுச்செடி தேவையென்றால் பூவும் பிஞ்சுமாக இருக்கும் பருவம் ஏற்றது. நிலவேம்பை மொட்டுவிட்டுப் பூக்கத் தொடங்கும்போது அறுப்பார்கள். காய் முற்றவிட்டால் இலை கொட்டி வெறும் குச்சிதான் மிஞ்சும்.

பத்துச் செடி இருந்தால் மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். வரப்பில் அடுத்த ஆண்டும் முளைக்க விதை விழ வேண்டும்.

ஒன்றைப் போல் இன்னொன்று

கீழாநெல்லியில் ஏமாறுபவர்கள் அதிகம். செடியைப் பிடுங்கி, பக்கக் கிளை ஒன்றைக் குப்புறத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். காய் வழவழப்பாக இருக்கும், மெல்லிய காம்பும் இருக்கும். நடுத்தண்டில் இலை இருக்காது, பக்கக் கிளைகளில் மட்டுமே இலை இருக்கும். தண்டு பச்சை. இதுதான் கீழாநெல்லி, தாவரப் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டி, மேலே சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம். இலை ஆப்பு வடிவில் இருந்து, நடுத்தண்டிலும் இலை முளைத்திருந்தால் அது மேலாநெல்லி. ஒடித்ததும் பால் வந்தால் நெல்லிக் கூட்டமே இல்லை, அம்மான் பச்சரிசி வகையைச் சேர்ந்தது. ஒரு கட்டுத் தழையில் இவை நான்கும் கலந்திருப்பது சாதாரணம். சந்தையில் கட்டாக வாங்கினால் பிரித்து உதறி ஒவ்வொரு செடியாகப் பார்த்தாக வேண்டும்.

மஞ்சள் காமாலைக்கு வழக்கத்தில் உள்ள அளவு இது: வேர் மண் போகக் கழுவிய பச்சைச் செடியை விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து, ஒரு டம்ளர் மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பார்கள். ஆனால் முதலில் ரத்தப் பரிசோதனை. காமாலை ஒரு நோயின் அடையாளம். கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல் அடைத்தும் வரும், மருந்து ஒவ்வாமலும் வரும். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலோ, காய்ச்சலோடு வயிற்று வலி இருந்தாலோ, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழாநெல்லி ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் குறைக்கிறது என்று சென்னையில் நடந்த ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வெளியாகிப் பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. அதைக் காட்டி ‘அறிவியலே நிரூபித்துவிட்டது’ என்று சொல்பவர்களை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கரிசலாங்கண்ணியைச் சோதிக்கக் கையே போதும். இலையையும் இளந்தண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். முதலில் பச்சைச் சாறுதான் வரும். ஓரிரு நிமிடத்தில் அது இருண்டு, விரல் ரேகைகளில் மை பூசியது போலக் கறுக்கும். கறுக்கவில்லை என்றால் அது கரிசாலை இல்லை. வெள்ளைப்பூ கரிசாலைக்கு இலை காம்பில்லாமல் எதிரெதிராக இருக்கும், தடவினால் சொரசொரக்கும், பூ சட்டைப் பொத்தானை விடச் சிறியது. இதோடு குழப்பிக்கொள்ளும் வெட்டுக்காயப் பூண்டுக்குப் பூக்காம்பு சாண் நீளம் தனியே எழுந்து நிற்கும், இலை விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் இன்று பல நாற்றுப் பண்ணைகளில் விற்பது பெரும்பாலும் அதுவே அல்ல. மூன்று மடலாகப் பிரிந்த பளபளப்பான இலையும் பெரிய மஞ்சள் பூவும் கொண்டு தரை முழுக்கப் படர்ந்தால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடி. உண்மையான மஞ்சள் கரிசாலைக்கு இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், மடல் பிரியாது.

சிறுகுறிஞ்சானுக்கு நாக்கில் ஒரு சோதனை உண்டு. இலையில் பாதியை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு, சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மணலை மெல்வது போலிருக்கும். ஒரு மணி நேரம் வரைகூட அப்படியே இருக்கலாம். ஆனால் இதே தோற்றத்தில் வேலியில் படரும் நஞ்சறுப்பான் வாந்தியை உண்டாக்கும். எனவே தெரிந்தவர் ஒருவர் காட்டிக் கொடுத்த கொடியில் மட்டும் இந்தச் சோதனை. அடையாளம் தெரியாத எதையும் மென்று பார்ப்பது சோதனை அல்ல, விபரீதம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை திடீரென இறங்கலாம். மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம்.

சீந்தில் கொடியில் தண்டுதான் மருந்து. கட்டை விரல் பருமனுள்ள, மேல்தோல் காகிதம் போல உரியும் தண்டு வேண்டும். வேப்ப மரத்தில் ஏறியதைச் சிறப்பாகச் சொல்வார்கள், எட்டி போன்ற நச்சு மரத்தில் ஏறியதை ஒதுக்குவார்கள். தண்டு முழுக்கத் தடித்த பருக்கள் நெருக்கமாக முட்டிக்கொண்டிருந்தால் அது டைனோஸ்போரா கிரிஸ்பா என்ற உறவுக் கொடி, கல்லீரலுக்கு ஆகாது. கொரோனா காலத்தில் சீந்திலை மாதக்கணக்கில் கஷாயமாகக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். கொடி மாறியதா, அளவு மிஞ்சியதா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கிறது. தினசரி டீ மாதிரிக் குடிக்க இது உகந்ததல்ல என்பதில் சந்தேகமில்லை.

நன்னாரி வேர் மெல்லியது, கம்பி போல இருக்கும், கீறினால் மணம் வீசும். கொழுத்த, சதைப்பற்றான வேரைக் கொடுத்து நன்னாரி என்றால் அது மாகாளிக்கிழங்காக இருக்கலாம். மணம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. மாகாளி ஊறுகாய்க்கு நல்லது, நன்னாரிக்குப் பதில் அதை விற்பதுதான் தவறு. நன்னாரியைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவது வேரை வீணாக்கும் வேலை, மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். 10 கிராம் வேரை நசுக்கி, உள்ளிருக்கும் நரம்பை நீக்கி, 200 மி.லி. வெந்நீர் ஊற்றி, மூடி இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டுவதே சரி.

தூதுவளையில் பெரிய குழப்பமில்லை. ஊதாப் பூ, வளைந்த முள், ஏறிப் படரும் கொடி. தரையோடு படிந்து, நேரான மஞ்சள் முட்கள் இலை மேலெல்லாம் குத்திட்டு நின்றால் கண்டங்கத்திரி. நொச்சிக்கு ஒரு காம்பில் ஐந்து இலை, மூன்றே இருந்தால் பெரும்பாலும் நீர்நொச்சி. ஆவாரைக்கு இலைக்காம்பின் அடியில் காது மடல் போல அகன்ற செதில் இருக்கும், காய் தட்டையாகக் காகிதம் போலிருக்கும். அதே மஞ்சள் பூவோடு குப்பைமேட்டில் வளரும் பேயாவரையின் விதை குழந்தைகளுக்கு நஞ்சு.

செங்காந்தளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மாநிலப் பூ, மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். இதன் விதையிலும் கண்வலிக்கிழங்கு எனும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் மருந்துத் தொழிற்சாலைக்குரியது. கிழங்கைச் சமையல் கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. வீட்டு வைத்தியத்தில் இதற்கு இடமே கிடையாது. குன்றிமணி விதைக்கும் அதே விதி.

உலர்த்துதல்

பறித்த தழையை வீட்டுக்கு வந்தவுடன் விரித்துப் போட வேண்டும். சாக்கில் கட்டிய தழை இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே சூடேறத் தொடங்கும். மண் உள்ளவற்றை இரண்டு தண்ணீரில் அலசி, வடியவிட்டு, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். வேரைக் கழுவிய கையோடு சிறு துண்டாக நறுக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு நறுக்க அரிவாளுக்கும் தெம்பு போதாது.

இலையும் பூவும் நிழலில் உலர்வதே முறை. காற்றோட்டமுள்ள அறை, கயிற்றுக் கட்டில் அல்லது கொசுவலை கட்டிய சட்டம், அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு மேற்படாமல் தழை. நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். சிமெண்ட் தரையில் நேராகப் போட்டால் அடிப்பக்கம் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து, துளசி, ஓமவல்லி, நொச்சி போன்றவற்றின் வாசனை எண்ணெய் பறந்துவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் நிலாவரை இலைக்கும் நிறம்தான் விலை. பச்சை மாறாத இலைக்கே மதிப்பு, பழுத்து மஞ்சளித்தால் கழித்துவிடுவார்கள். வேர், பட்டை, தடித்த தண்டு ஆகியவை வெயில் தாங்கும்.

தை, மாசியில் இலை நான்கு முதல் ஏழு நாளில் காயும். மழைக் காலத்தில் உலர்த்தவே முயல வேண்டாம். கையில் இருப்பதைப் பச்சையாகவே பயன்படுத்திவிடுவது மேல். பதம் பார்ப்பது எளிது: இலை விரலிடுக்கில் நொறுங்க வேண்டும், காம்பு ‘படக்’ என ஒடிய வேண்டும். இலை நொறுங்கி, காம்பு மட்டும் வளைந்தால் இன்னும் இரண்டு நாள் தேவை. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 5 கிலோ பச்சைத் தழை காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோ நிற்கும், வல்லாரை அதிலும் குறைவு. ஒன்றரைக் கிலோ நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது.

காய்ந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, மூன்றாம் நாள் பாருங்கள். உட்சுவரில் முத்து முத்தாக நீர் தெரிந்தால் கொட்டி மீண்டும் காயவையுங்கள். பூசணம் பிடித்ததை மட்டும் வெயிலில் காட்டிச் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். பூசணம் விடும் நஞ்சு வெயிலுக்குப் போகாது, பாட்டில் முழுவதையும் எறிய வேண்டியதுதான்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்குச் சித்த மருத்துவத்தில் தெளிவான கணக்கு இருக்கிறது. சாறு, கற்கம் எனும் விழுது, குடிநீர் எனும் கஷாயம் ஆகியவை ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் எனும் பொடி 3 மாதம். காலையில் காய்ச்சிய கஷாயத்தைச் சூடு பண்ணி இரவில் குடிப்பது அந்தக் கணக்குக்கு வெளியே. பொடி செய்தால் காற்றுப்படும் பரப்பு கூடுவதால் வீரியம் சீக்கிரம் குறையும். எனவே இலையாகவே வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் பொடியுங்கள். பாட்டிலில் செடியின் பெயர், பாகம், பறித்த மாதம் எழுதி ஒட்டுங்கள். காய்ந்த தழையெல்லாம் ஒரே பழுப்புப் பச்சைதான்.

பழைய குறிப்புகளில் வரும் அளவுகளுக்கு: 1 பலம் 35 கிராம், 1 ஆழாக்கு 168 மி.லி., 1 உழக்கு 336 மி.லி.

குடிநீர்

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பது சரக்கு, எல்லாம் சம எடை. 2006-ல் சிக்குன்குனியாவும் 2012-ல் டெங்குவும் பரவியபோது தமிழக அரசே இதை ஊர் ஊராகக் கொடுத்தது. அரசு நிறுவனமான டாம்ப்கால் பொட்டலமாகவும் விற்கிறது. ஒன்பதையும் தேடி அலைவதைவிட அதை வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் விலாமிச்சையும் சந்தனமும் கடையில் கலப்படமில்லாமல் கிடைப்பது அரிது.

நீங்களே இடித்தால் ஒன்றிரண்டாக, ரவையைவிடப் பருமனாக இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் அடியில் கூழாகத் தங்கி, வடிகட்ட முடியாமல் போகும். ஒருவருக்கு 5 கிராம் பொடி, 200 மி.லி. தண்ணீர், மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம், சிறு தீ, திறந்த வாய். 50 மி.லி. ஆகும்வரை வற்றவிடுங்கள், அரை மணி நேரம் ஆகலாம். பெருந்தீயில் பத்து நிமிடத்தில் வற்றியது வெறும் நிறத் தண்ணீர். வேரும் பட்டையும் சாரத்தை விட நேரம் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நிலவேம்பு ஆகாது, ஆடாதோடையும் ஆகாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. அதே வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் சளி கரைக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை உருவானது.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது தவறு. காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது தெரிந்தால் குடிநீரை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தைலமும் துவையலும்

கரிசாலைத் தைலத்துக்கு 500 மி.லி. நல்லெண்ணெயும் தண்ணீர் கலக்காமல் இடித்துப் பிழிந்த 500 மி.லி. சாறும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அகன்ற பாத்திரத்தில் கலந்து சிறு தீயில் ஏற்றினால் முதலில் பொங்கும், பிறகு நுரை அடங்கும். அடியில் தங்கும் கசடுதான் பதம் சொல்லும். அதை எடுத்து விரலில் உருட்டினால் சேறாக ஒட்டுவது முந்திய பதம், மெழுகாகத் திரள்வது சரியான பதம், மணலாக உதிர்வது முற்றிய பதம். மெழுகுப் பதத்தில் ஒரு திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துங்கள். சடசடவென வெடித்தால் நீர் இன்னும் இருக்கிறது. நீர் தங்கிய தைலம் இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

பிரண்டையைச் சமைக்கத் தெரியாமல் ஒருமுறை நாக்கு அரித்தவர்கள் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. அரிப்புக்குக் காரணம் தண்டில் ஊசி ஊசியாக உள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கொழுந்து முனையிலிருந்து நாலைந்து கணு மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை ஒடித்து எறிந்து, நான்கு விளிம்பிலும் நாரை உரியுங்கள். அரை விரல் துண்டுகளாக நறுக்கி, ஒரு கைப்பிடிக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. பிறகு நெல்லிக்காய் அளவு புளி, வறுத்த உளுந்து, மிளகாய், உப்பு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். புளியைக் குறைத்தால் அரிப்பு திரும்பும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் மிகுந்த இதை அடிக்கடி சேர்க்க வேண்டாம்.

முடக்கத்தானை இரண்டு கைப்பிடி, அரை லிட்டர் தோசை மாவுக்கு, சுடும் நேரத்தில் அரைத்துக் கலக்கினால் போதும். முன்கூட்டியே கலந்து புளிக்கவைத்தால் கசப்பும் வாடையும் ஏறி யாரும் சாப்பிட மாட்டார்கள்.

வீட்டில் வளர்ப்பது

தொட்டியில் வைக்க எளிதானவை ஆடாதோடை, ஓமவல்லி, பிரண்டை. மூன்றும் குச்சி அல்லது கணு ஒடித்து நட்டாலே பிடிக்கும். சீந்திலுக்கு ஒரு சாண் தண்டில் இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, ஒருநாள் நிழலில் வைத்து வெட்டுவாய் ஆறிய பிறகு நட வேண்டும். உடனே நட்டால் அழுகும். வல்லாரை ஓடுதண்டு வேர்விட்ட துண்டைக் கேட்கும், அரை நிழலும் தினமும் ஈரமும் கேட்கும். நிலவேம்பு விதை கடினமானது, ஆறு மணி நேரம் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். நட்ட மூன்று மூன்றரை மாதத்தில் முதல் அறுப்பு வரும். தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தால் அடிக்கட்டை மறுதாம்பு விடும், அதாவது மீண்டும் துளிர்க்கும்.